மணற்கல்லில் அம்மோனைட் அச்சு: வேலூர் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

வேலூர் பக்கம் கல் பொறுக்கும் ஆர்வம் புதிதாக வந்தவர்கள் முதலில் கேட்பது, "நம்ம மலையில் நத்தை மாதிரி ஒரு சுருள் தெரியுதே, அது அம்மோனைட்டா?" என்பதுதான். இல்லை. சத்துவாச்சாரி மலையோ, காட்பாடிக் குன்றுகளோ, ஜவ்வாது மலையோ, எதிலும் கிடைக்காது. அங்கே இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகள். அவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அம்மோனாய்டுகள் கடலில் தோன்றியது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன். அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் போன அதே சமயம். பாலாற்றுக் கூழாங்கற்களுக்கும் இதே பதில்தான். நந்தி மலையிலிருந்து கோலார் வழியாக ஆறு உருட்டிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் இதே ரகப் பாறைகளைத்தான்.

அம்மோனாய்டு என்பது இன்றைய கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் உறவான தலைக்காலி இனம். அதன் பிற்காலக் கிளைதான் அம்மோனைட். அதற்குச் சுருண்ட ஓடு உண்டு. ஓட்டின் உள்ளே தடுப்புச் சுவர்கள் வரிசையாக அறைகளைப் பிரிக்கும். கடைசியாக இருக்கும் பெரிய அறையில்தான் உயிர் குடியிருந்தது, மற்றவை மிதப்பதற்கு. அடையாளம் காண்பதற்கு இந்த அமைப்பு முழுவதும் தேவைப்படும். மணற்கல்லில் உள்ள சிக்கல் என்னவென்றால், அதில் பெரும்பாலும் ஓடே இருக்காது, ஓட்டின் அச்சு மட்டும்தான் இருக்கும். ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது, நீரில் எளிதில் கரையும். மணற்கல்லோ நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரும் நிலத்தடி நீரும் அதற்குள் புகுந்து ஓட்டைக் கரைத்துக் கொண்டு போய்விடும்.

அதனால், "இது என்ன இனம்?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் பார்ப்பது ஓட்டின் எந்தப் பக்கத்தை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் அப்புறம் எல்லாமே தப்பாகப் போகும்.

முதலில், கல் எந்த ஊர்க் கல்?

கல் வந்த இடம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதியில் வாய்ப்பே இல்லை. கிழக்கு ஓரத்தில் மட்டும் நிலைமை வேறு. அரக்கோணத்துக்குக் கிழக்கே, ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு பக்கம் போனால் கிரெட்டேசியஸ் காலத்து (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) மணற்கல்லும் களிக்கல்லும் வரும். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு பகுதிகளை ஆய்ந்து எழுதிய அறிக்கை 1873-இல் வந்தது. பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டுபிடித்த அதே ஃபூட்தான். ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் இலைப் படிவங்களுக்குத்தான் பேர்போனவை. நடுவே கடல் உயிரிகள் உள்ள அடுக்குகளும் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே அம்மோனைட்டைத் தேடி அலைய வேண்டாம், வெறுங்கையோடுதான் திரும்புவார்.

பயிற்சிக்கு ஏற்ற இடம் தெற்கே இருக்கிறது: புதுச்சேரி - வழுதாவூர் பகுதியும், அரியலூர் - பெரம்பலூர் பகுதியும். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-லேயே இங்கிருந்து போன படிவங்களை விவரித்துவிட்டார். தென் ஆற்காடு, திருச்சி மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் எழுதினார். அம்மோனைட்டுகளைத் தனியாக எடுத்து விரிவாக எழுதியவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா, 1860-களில். ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது அம்மோனைட் முழுக்கத் தெற்கே போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேலூரிலிருந்து போக, கன்டோன்மென்ட் நிலையத்தில் ஏறித் திருவண்ணாமலை வழியாக விழுப்புரம், அங்கிருந்து விருத்தாசலம் தாண்டி அரியலூர். அங்கேயும் எல்லா அடுக்கிலும் அம்மோனைட் கிடைக்காது. காரை பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் களிமண்தான் அதிகம், அம்மோனைட்டும், கணவாய்க்கு உறவான பெலம்னைட்டும் அந்தக் களிமண்ணில் கிடைக்கும். அச்சுகளைப் படித்துப் பழக கருடமங்கலம், சில்லக்குடி பக்கத்து மணற்கல் அடுக்குகள் நல்லவை. கல்லமேடும் மணற்கல்தான், ஆனால் அது ஆறு கொண்டுவந்து போட்ட மணல். டைனோசர் எலும்பு வந்த இடம், அம்மோனைட் வராது. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையும் அப்படியே. அங்கே கல்மரங்கள் கிடக்கும் மணற்கல் அம்மோனைட்டுகள் அழிந்து வெகுகாலம் கழித்து உருவானது.

ஊரைவிட்டு நகர முடியாதவர்கள் கல் கடைக்குப் போகலாம். தோல்பூர், ஜோத்பூர் மணற்கற்கள் நம்மூர் வீட்டு முகப்புகளில் நிறைய ஒட்டப்படுகின்றன. அவை அம்மோனாய்டுகளைவிட வயதில் மூத்தவை, அதில் தேடிப் பயனில்லை. ஜெய்சல்மேர் மஞ்சள் கல் ஜுராசிக் காலத்துக் (கிரெட்டேசியஸுக்கு முந்தியது) கடல் சுண்ணாம்புக்கல். பாலிஷ் போட்ட பலகையில் சிப்பிகளின் குறுக்குவெட்டு தெரியும், அம்மோனைட் கண்ணில் பட்டாலும் ஆச்சரியமில்லை. கல் பலகையில் பெரணி இலை போல் கறுப்பாகக் கிளை விரித்திருப்பது மாங்கனீஸ் கறை, செடியில்லை.

இன்னொன்றும் உண்டு: பூஜை அறைச் சாளக்கிராமம். நேபாளத்தில் முக்திநாத் பக்கம், காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கல். அதன் சக்கரம் அம்மோனைட்டின் அச்சு. சோளிங்கர் நரசிம்மரைக் கும்பிடும் வீடுகளில் பலர் சின்ன வயதிலிருந்தே அம்மோனைட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது களிக்கல் உருண்டை, மணற்கல் இல்லை. ஆனாலும் வெளி அச்சும் உள் அச்சும் ஒரே கல்லில் தெரியும் என்பதால் கண்ணுக்கு நல்ல பயிற்சி. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு பாருங்கள். கீறிப் பார்ப்பதெல்லாம் கூடாது.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸ், ஒரு டார்ச், மென்மையான பல் துலக்கும் பிரஷ், மி.மீ. அளவுகோல், குழந்தைகள் விளையாடும் க்ளே, டால்கம் பவுடர், நோட்டு, பென்சில். சுத்தியல் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் கல்லைத் தடவிப் பாருங்கள். மணற்கல் சொரசொரக்கும், தேய்த்தால் சிலவற்றில் மணல்மணி உதிரும். லென்ஸில் தனித்தனி மணிகள் தெரியும். மணிகள் 0.06 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இருக்கலாம். மணியின் அளவை நோட்டில் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த அச்சு?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சின் உட்புறம் வெளி அச்சு, மாவு ஓடு, பூரணம் உள் அச்சு. மாவு மட்டும் கரைந்து போனால் மிஞ்சுவது இரண்டு: பூரணத்தின் மேற்பரப்பு, அச்சின் உட்புறம். நடுவில் ஓர் இடைவெளி. மணற்கல்லில் நடந்திருப்பது இதுதான்.

வெளி அச்சு என்றால் எல்லாம் தலைகீழ். ஓட்டில் மேடாக இருந்த விலா வரிகள் கல்லில் பள்ளமாக இருக்கும். ஓட்டின் நடுவில் பள்ளமாக இருந்த தொப்புள் குழி கல்லில் மேடாக எழுந்து நிற்கும். முள் இருந்த இடத்தில் ஆழமான துளை. பொருத்துக்கோடு, அதாவது தடுப்புச் சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோடு, இதில் தெரியவே தெரியாது. அது ஓட்டின் உட்புற விஷயம். வெளி அச்சில் பொருத்துக்கோட்டைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளும் புதியவர்கள் நிறைய.

உள் அச்சு என்றால் ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய மணல். அது மேடாகக் கையில் வரும். பொருத்துக்கோடு தெரிந்தால் இதில்தான் தெரியும். ஆனால் விலா வரிகள் மங்கியிருக்கும், ஓட்டின் தடிமன் அவற்றைக் கொஞ்சம் மூடிவிடும். நீளமான முள் இருந்த இடத்தில் மழுங்கிய குமிழ் மட்டும் நிற்கும். சில இனங்களில் சுற்றின் வெளி ஓரத்தில் கூர்மையான முகடு இருக்கும். அது உள்ளே வெற்றிடமாக, அடியில் தளம் போட்டு மூடியிருந்தால் உள் அச்சில் முகடு இருந்த சுவடே இருக்காது. ஒரே விலங்கின் உள் அச்சையும் வெளி அச்சையும் இரண்டு இனம் என்று நினைக்க இது ஒன்றே போதும்.

மூன்றாவதாக வார்ப்பு ஒன்றும் உண்டு. ஓடு கரைந்த இடைவெளியில் வேறு கனிமமோ மணலோ புகுந்து நிரம்பினால் ஓட்டின் வெளிவடிவம் மேடாகத் திரும்ப வரும். அப்போது விலா வரி தெளிவாக இருக்கும், பொருத்துக்கோடு இருக்காது. நான்காவதாக ஒரு கலப்பு வகை: மணல் முழுக்க இறுகும் முன்பே ஓடு கரைந்துவிட்டால், வெளி அச்சின் வரிகள் உள் அச்சின் மேல் அழுந்திப் பதியும். விலா வரியும் பொருத்துக்கோடும் ஒரே பரப்பில் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

மேடா பள்ளமா என்பதிலேயே கண் ஏமாற்றும். நம் மூளை வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோவை 180 பாகை திருப்பினால் பள்ளம் மேடாகித் தெரியும். அதனால் ஃபோட்டோவை நம்ப வேண்டாம். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, கல்லை மெதுவாகச் சுற்றி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வெட்டவெளியில் என்றால் காலை வெயில் அல்லது மாலை நாலு மணிக்கு மேல். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும், அரியலூர்ப் பக்கத்து உச்சி வெயில் வேலூர் வெயிலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததும் இல்லை.

வெளி அச்சாக இருந்தால் க்ளேயை எடுங்கள். கல்லை லேசாக நனைத்து, க்ளேயின் மேல் டால்கம் பவுடர் தூவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, ஒரே இழுப்பில் எடுத்தால் ஓட்டின் வடிவம் கைக்கு வந்துவிடும். விரல் பட்டாலே மணி உதிரும் கல்லில் இதைச் செய்யாதீர்கள், படிவம் க்ளேயோடு வந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடவே கூடாது, நுண்துளைகளில் புகுந்து இறுகினால் திரும்ப எடுக்க முடியாது.

சுருளைப் படிப்பது

முதல் கேள்வி: சுருளா, வட்டமா? மணற்கல்லில் இரும்புக் கறை ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் போடும், பாறை வெங்காயத் தோலாக உரிந்தும் வளையம் தெரியும். விரலால் ஒரு கோட்டைப் பிடித்துப் போங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது வட்டம், படிவம் இல்லை. மையத்தை நோக்கி உள்ளே இறங்கினால் சுருள். நம் வேலூர்ப் பாறைகளில் காட்டப்படும் "நத்தைகள்" ஏறக்குறைய எல்லாமே இந்த முதல் கேள்வியிலேயே கழன்றுவிடும்.

அடுத்தது, சுருள் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலான அம்மோனைட்டுகள் இரண்டு பக்கமும் சமமானவை. ஒரு பக்கம் கோபுரமாக ஏறினால் நத்தை இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். விதிவிலக்கு உண்டு: டர்ரிலைட்டஸ் அம்மோனைட்தான், ஆனால் நத்தையைப் போல் ஏறிச் சுருளும். பாகுலைட்டஸ் நேர்க்கோல், சுருளே கிடையாது. ஸ்கேஃபைட்டஸ் கொக்கி போல் வளையும். வெளி அச்சு ஒன்று மட்டும் கையில் இருந்தால் ஒரு பக்கத்தைத்தான் காட்டும், அதை வைத்துச் சமச்சீர் பற்றி எதுவும் சொல்ல முடியாது. "ஒரு பக்கம் மட்டும்" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

ரோட்டுலாரியா என்ற புழுக் குழலும் சின்னச் சுருளாகக் கிடக்கும். அதில் அறைகள் இல்லை, கடைசிப் பகுதி பெரும்பாலும் சுருளைவிட்டு விலகி நேராகப் போகும். நேர்க்கோலாக ஒன்று கிடைத்தால் பெலம்னைட்டா, வளையா, பாகுலைட்டஸா என்று கேளுங்கள். பெலம்னைட் தோட்டா வடிவில் திடமான கால்சைட், ஓடு கரைந்த கல்லிலும் அது மிஞ்சி நிற்கக் கூடும். உயிரிகள் குடைந்த வளை கிளை பிரியும், மேற்பரப்பு முடிச்சு முடிச்சாக இருக்கும். பாகுலைட்டஸின் குறுக்குவெட்டு நீள்வட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் பொருத்துக்கோடும் தெரியும்.

பொருத்துக்கோடு

உள் அச்சில் வளைந்து நெளியும் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் தலைக்காலி என்பது உறுதி. கோடு மெல்லிய எளிய வளைவாக இருந்தால் நாட்டிலஸ் வகையைச் சந்தேகப்படுங்கள், அரியலூர்ப் பகுதியில் அவையும் உண்டு. அம்மோனாய்டுகளில் மூன்று பாங்குகள் சொல்வார்கள். வாயை நோக்கி முன்னே தள்ளும் வளைவைச் சேணம் என்றும், பின்னே இறங்குவதை மடல் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுமே பிசிறில்லாமல் கோணலாக மட்டும் இருந்தால் கோனியடைட் பாங்கு, மிகப் பழையது. சேணம் வழவழப்பாகவும் மடல் பல் பல்லாகவும் இருந்தால் செரடைட் பாங்கு, முக்கியமாக டிரையாசிக் காலம் (ஜுராசிக்குக்கு முந்தியது). இரண்டும் இலை ஓரம் போல் நறுக்கப்பட்டிருந்தால் அம்மோனைட் பாங்கு, ஜுராசிக்கும் கிரெட்டேசியஸும். தமிழகத்தில் அம்மோனைட் கிடைக்கும் கடல் அடுக்குகள் கிரெட்டேசியஸ் என்பதால் நாம் எதிர்பார்க்க வேண்டியது மூன்றாவதைத்தான்.

ஆனால் மணியின் அளவைக் குறிக்கச் சொன்னேன் அல்லவா? மணி அரை மி.மீ. என்றால் அதைவிடச் சின்ன நறுக்குகள் அச்சில் பதிய வழியே இல்லை. அம்மோனைட் பாங்குக் கோடு பருமணற்கல்லில் செரடைட் போலவோ கோனியடைட் போலவோ மழுங்கித் தெரியலாம். அரியலூரில் டிரையாசிக் அம்மோனாய்டு கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது குதித்தால், முதலில் மணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடே இல்லையென்றால்? பதற வேண்டாம். மணல் எளிதில் புகுவது வாய்ப்பக்கம் திறந்திருக்கும் கடைசி அறைக்குள்தான். மற்ற அறைகள் மூடியவை. ஓடு உடைந்தாலோ, அறைகளை இணைக்கும் மெல்லிய குழல் வழி திறந்தாலோதான் மணல் உள்ளே போகும். அதனால் மணற்கல்லில் கடைசி அறையின் அச்சு மட்டும், அரைச் சுற்றோ ஒரு சுற்றோ உள்ள வில்லாகக் கிடைப்பது சகஜம். அந்த அறைக்குள் தடுப்புச் சுவர் கிடையாது, எனவே கோடும் கிடையாது. வில்லின் உள்முனையில், அது முறிந்த இடத்தில் பாருங்கள். கடைசித் தடுப்புச் சுவரின் முகம் மடிப்பு மடிப்பாகப் பதிந்திருக்கலாம், அது ஒன்று கிடைத்தாலே போதும்.

குழலின் இடமும் உதவும். முறிந்த குறுக்குவெட்டில் சின்ன வட்டப் புள்ளி வெளி ஓரத்தை ஒட்டி இருந்தால் அம்மோனைட். நடுவாக்கில் இருந்தால் நாட்டிலஸ் பக்கம் சாயுங்கள்.

அளவும் அலங்காரமும்

க்ளே வார்ப்பிலோ உள் அச்சிலோ மொத்த விட்டத்தையும் தொப்புள் குழியின் விட்டத்தையும் அளந்து விகிதம் போடுங்கள். விட்டம் 80 மி.மீ., குழி 24 மி.மீ. என்றால் 30 சதவீதம். குழி சிறியதென்றால் வெளிச்சுற்று உள்சுற்றுகளை மூடியிருக்கிறது, பெரியதென்றால் எல்லாச் சுற்றும் வெளியே தெரியும். உள் அச்சிலும் வெளி அச்சிலும் எண்கள் கொஞ்சம் மாறும், எதில் அளந்தீர்கள் என்று எழுதுவது அவசியம். மணற்கல் அடுக்கின் எடையில் அழுந்தி நீள்வட்டமாகியிருந்தால் விகிதத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம் விலா வரிகள்: நேரா, வளைவா, நடுவில் இரண்டாகப் பிரிகிறதா, வெளி ஓரத்தைத் தாண்டிப் போகிறதா அல்லது அங்கே அறுந்து நிற்கிறதா, குமிழ்கள் எத்தனை வரிசை, முகடு உண்டா. பூசோசியா, காஸ்மாடிசெராஸ் போன்ற அம்மோனைட் பேரினங்களில் சுற்றை இறுக்கிக் கட்டியது போல் இடையிடையே ஒடுக்கங்கள் வரும், அவை உள் அச்சில் நல்ல பள்ளமாகத் தெரியும். தட்டையாக, ஓரம் குறுகி, குழி சிறிதாக இருந்தால் பிளாசென்டிசெராஸ் வகையையும் நினைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு இனத்துக்குத் தமுலிக்கம் என்றே பெயர்.

எவ்வளவு தூரம் பெயர் வைப்பது

இதில் கஞ்சத்தனமாக இருங்கள். சுருள் மட்டும் தெரிந்தால் "சுருள் படிவம்". இரண்டு பக்கமும் சமம், விலா வரிகள் உண்டு என்றால் "அம்மோனைட்டாக இருக்கலாம்". பொருத்துக்கோடோ தடுப்புச் சுவர் முகமோ தெரிந்தால்தான் "அம்மோனைட்". பேரினப் பெயருக்குக் கோடு, அலங்காரம், குறுக்குவெட்டு மூன்றும் வேண்டும், அடுக்கின் வயதும் தெரிய வேண்டும். இனப் பெயரை அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் பகுதி, அரியலூர் மாவட்டம் வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகம், மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவற்றின் புவியியல் துறைகள் இவற்றுக்கு ஏற்ற இடங்கள். கேட்கப் போகும்போது கல்லோடு க்ளே வார்ப்பையும் எடுத்துப் போங்கள்.

சரி, கல்லை எடுக்கலாமா? திருவக்கரை, கல்மரம் உள்ள பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சிமென்ட் ஆலைகளின் இடம், அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. வயலென்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். பாறையோடு ஒட்டியிருப்பதை அங்கேயே விட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டு திசையிலிருந்து படம் எடுங்கள், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ.

உதிர்ந்து கிடந்ததை அனுமதியோடு எடுத்தால் அன்றைக்கே சீட்டு எழுதுங்கள்: தேதி, ஊர், ஜிபிஎஸ் எண், உதிரியா அடுக்கிலா, மணியின் அளவு, உள் அச்சா வெளி அச்சா, எந்தப் பக்கம் தெரிகிறது, அளவுகள், கடைசியாகப் பெயர், பென்சிலில். கல் இரண்டாகப் பிளந்து உள் அச்சும் அதற்கு எதிரான வெளி அச்சும் கிடைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே எண் போட்டு, அ, ஆ என்று பிரித்துத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள். ஒன்றோடொன்று உரசவிட்டால் பேருந்துக் குலுக்கலிலேயே விலா வரிகள் தேய்ந்துவிடும்.